திருப்பி அனுப்பிய மூன்று கடிதங்கள்

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட விடமாட்டார்கள். "பிள்ளை, மேசையிலை ஒரு கடிதம் கிடக்கு, என்னெண்டு பார்" என்று குசினிக்குள் இருந்து குரல் வரும். ஒஸ்லோவில் வளர்ந்த எங்கள் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லி வளர்ந்தவர்கள்தான். பல்வைத்தியர் எழுதினது, வீட்டுச் சங்கம் எழுதினது, பள்ளிக்கூடம் எழுதினது. அரைவாசி எங்களுக்கே விளங்காது. விளங்கின மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவோம். இப்போது நாற்பது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டது. ஒன்றுகூடினால் அந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். வகுப்பாசிரியர் முறைப்பாடு எழுதின கடிதத்தைப் பாராட்டுக் கடிதம் என்று வாசித்தவன் எங்களுக்குள் இருக்கிறான். நானும் சிரிப்பேன். என் முறை வரும்போது மட்டும் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிவிடுவேன். எத்தனை தேத்தண்ணிதான் போடுவது? இந்தமுறை எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடங்களுக்குள் வந்த ஒரு குளிர்காலம். எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு நாலு. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் ரயில் நிலையத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தோம். ரயில் போனால் குசினிக் கண்ணாடி அலுமாரிக்குள் கிளாசுகள் ஒன்றோடு ஒன்று முட்டும். மாடிப்படியில் எந்நேரமும் ஈரச் சப்பாத்து மணமும், எங்கள் கதவடியில் மட்டும் பொரித்த மிளகாய் மணமும் இருக்கும். சனிக்கிழமைகளில் அம்மா உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போவா. அங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவான பெரிய உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் நின்றன. தங்கச்சிக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். மெசினின் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் வயிற்றையும் ஒட்டிக்கொண்டு நிற்பாள். அது குலுங்கக் குலுங்க இவளும் குலுங்கிச் சிரிப்பாள்.

அவள் கதைக்கமாட்டாள். "ஆ", "ம்மா", அவ்வளவுதான். ஆனால் எனக்கும் அவளுக்கும் எந்தக் குறையும் இருக்கவில்லை. பால் வேணும் என்றால் என் கழுத்தைத் தொடுவாள். படம் பார்ப்போம் என்றால் என் கண் இமையைத் தொடுவாள். நான் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து வாயை நன்றாக ஆட்டிச் சொல்லுவேன், அவளுக்கு விளங்கிவிடும். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "பிடிவாதக்காரி, அப்பப்பாவைப் போல" என்பார் அப்பா. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு நானும் அதையே சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் இரண்டு செய்தியோடு தொடங்கியது. முதலாவது எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் எனக்குத் தமிழ்ப் பாடம் இருந்தது. அதற்கு ஒரு விதி. நோர்வேஜிய மொழி சரியாக வராத பிள்ளைக்குத்தான் தாய்மொழி வகுப்பு. வந்துவிட்டால் நிற்பாட்டிவிடுவார்கள். சோதனை வைத்தார்கள், எனக்கு நன்றாக வந்துவிட்டது. வகுப்பாசிரியை கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, இனி உனக்குத் தமிழ் தேவையில்லை என்றார். நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தமிழ் இல்லை. மொக்குப் பிள்ளைக்குத்தான் தமிழ். இது என்ன மருந்தே, சுகம் வந்தா நிப்பாட்ட?"

இரண்டாவது செய்தி தங்கச்சியைப் பற்றியது. நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற சுகாதாரத் தாதி, பிள்ளை இன்னும் கதைக்கவில்லையே என்று யோசித்துவிட்டு, வீட்டில் இரண்டு மொழி இருப்பதால் குழம்பியிருக்கலாம், கொஞ்சக் காலம் நோர்வேஜிய மொழியில் மட்டும் கதைத்துப் பாருங்கள் என்று அம்மாவுக்குச் சொன்னா. எதற்கும் மேலிடத்துக்கு எழுதுகிறேன், கடிதம் வரும் என்றும் சொன்னா. அம்மா பயந்துபோய் அன்றைக்கே தொடங்கிவிட்டா. பாவம், அம்மாவின் நோர்வேஜிய மொழி அப்போது கடைக்கும் வேலைக்கும் மட்டும் போதுமானது. அவ ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவ. அந்த மொழியில் பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. "வா, சாப்பிடு, நல்லது, நில்" என்று ஏதோ கட்டளை போடுவது போலத்தான் வந்தது. தங்கச்சி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை பாரும்," என்றார் அப்பா, "என்ர வீட்டுக்குள்ளை பிள்ளையோடை தமிழிலைதான் கதைக்கவேணும்."

"அவையள் படிச்ச ஆக்கள் சொல்லுகினம். பிள்ளை வாய் திறக்கிறாளில்லை. உங்களுக்குத் தமிழ் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

"ரெண்டும் ஒண்டுதான்."

எந்த மொழியில் கதைப்பது என்று இரண்டு பேரும் பிள்ளையின் தலைக்கு மேலால் மாதக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். பிள்ளை கீழே இருந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு வேலை கடிதம் பிரிக்கிற இடத்தில். பெரிய மண்டபம், மெசின் வாசிக்க முடியாத முகவரிகளைக் கையால் பிரித்து அந்தந்தப் பெட்டிக்குள் போடவேண்டும். அங்கே அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு வேல்ஸ்காரர் வேலை செய்தார். சிவந்த முகம், வெள்ளை மீசை, நோர்வேஜியப் பெண்ணைக் கட்டி இங்கே வந்தவர். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "இங்கிலீஷ்காரர்" என்று அப்பா ஒருநாள் சொல்லப்போய், அந்தாள் அரை நாள் கதைக்கவில்லையாம். பிறகு சமாதானமாகி, தங்கள் மொழியின் கதையைச் சொன்னாராம். நோர்வேஜிய மொழி இருவருக்கும் இரவல்தான், அதில்தான் இருவரும் கூட்டாளியானார்கள்.

அப்பா அதை வீட்டில் வந்து சொன்னவிதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்று சொன்னார்.

"தெரியுமே, அவையளின்ர ஊரிலை முந்தி எல்லாக் கடிதமும் இங்கிலீஷிலைதான் வரும். இவையள் என்ன செய்தவை? திருப்பி அனுப்பினவை. எங்கட பாஷையிலை எழுதி அனுப்பு, அப்பதான் வாசிப்பம் எண்டு. ஆயிரம் பேர் திருப்பி அனுப்ப, கடைசியிலை சட்டம் வந்திட்டுது. இப்ப கவுன்சில்காரன் ரெண்டு பாஷையிலையும் எழுதவேணும். சட்டமப்பா, சட்டம்!"

"அது அவையளின்ர ஊர்," என்றா அம்மா. "நாங்கள் வந்து குந்தினாக்கள்."

அப்பா காதில் விழுத்தவில்லை. அவர் ஒரு நாட்டை விட்டு ஓடி வந்தவர். எதையும் எதிர்த்து நின்று வென்ற கதையை அவர் கேட்டதே குறைவு. அதனால் அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். பிள்ளைகளைப் பற்றி எந்த அரசாங்கக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தாலும் திறக்கக் கூடாது. உறையின் மேலே, "தயவுசெய்து தமிழில் அனுப்பவும்" என்று நோர்வேஜிய மொழியில் எழுதித் திருப்பிப் போடவேண்டும். கரண்ட் பில்லைத் திருப்பி அனுப்புகிற துணிவு அவருக்கும் வரவில்லை, அதை மட்டும் திறக்கலாம்.

எழுதுகிற வேலை எனக்கு. அப்பாவின் நோர்வேஜிய எழுத்தில் பிழை வரும், பிழையோடு உரிமை கேட்கக் கூடாதாம். "என்ர செக்கரட்டரி எங்கை?" என்று கூப்பிடுவார். நீல மையால் எழுதிக் கொடுப்பேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். தன் கையாலேயே திரும்புகிற பெட்டிக்குள் போடுவார்.

"திரும்பி வாற கடிதத்தைத்தான் பிள்ளை அவங்கள் வடிவாய்ப் பாப்பாங்கள். மற்றதெல்லாம் குப்பை" என்றார். நாள் முழுக்கக் கடிதத்தோடு வேலை செய்கிற மனிதர் சொல்லுகிறார், நான் நம்பாமல் விடுவேனா?

மேல்மாடியில் தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு அங்கிள் இருந்தார். அவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. படியில் கண்டபோது, "ஏங்க, எதுக்குங்க வம்பு? லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டு அப்புறம் சண்டை போடுங்க" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே வந்து கதவைச் சாத்தினார். "அவருக்கென்ன, திரும்பிப் போக ஒரு நாடு இருக்கு" என்றார். அந்த அங்கிள் சொன்னதுதான் அந்தக் குளிர்காலத்தில் யாரும் சொன்ன ஒரே புத்தி.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அப்பாவை நான் அவ்வளவு சந்தோசமாகக் கண்ட காலம் வேறு இல்லை. விசில் அடித்தார். முகத்தை மழித்தார். வேலையால் வந்தவுடன், "கந்தோர்க்காரன் ஏதும் எழுதினவனே?" என்று கேட்பார், ஏதோ காதல் கடிதத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்தச் சந்தோசத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

ஜன்னல் வைத்த வெள்ளை உறையில், ஆஸ்பத்திரிச் சின்னத்தோடு முதல் கடிதம் வந்தது. தங்கச்சியின் பெற்றோருக்கு என்று இருந்தது. "உது அந்தத் தாதியின்ர வேலை. தமிழ் கதைக்காதையுங்கோ எண்டு இப்ப பெரிய இடத்தாலை சொல்லப் போகினம்" என்றார் அப்பா. எழுதினேன், போனது.

மாசி மாதம் இரண்டாவது வந்தது. அப்பா மாலை வேலை, அம்மாவும் இல்லை. என் தமிழ் வகுப்பைத் திரும்பத் தரும்படி அப்பா என்னைக்கொண்டு எழுதுவித்ததற்கு ஒரு பதில் வரவேண்டியிருந்தது. அது இதற்குள் இருக்குமோ என்று ஒரு அரிப்பு. உறையின் ஓரத்தை மெல்லமாகக் கிளப்பித் திறந்தேன். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. தங்கச்சியின் பெயர் இருந்தது. கேட்கும் திறன் பரிசோதனை என்று இருந்தது. நாள், நேரம், எந்த மாடி, எந்தக் கதவு எல்லாம் இருந்தது. முன்னர் ஒருமுறை வராததால் இரண்டாவது தடவையாக நேரம் தரப்படுகிறது என்றும் இருந்தது.

எனக்கு விளங்கியது. அரைகுறையாக இல்லை, வடிவாகவே விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். தங்கச்சி முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். அவள் ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து ஒரு சிவப்புக் கட்டைக்கு மேலே வைத்தாள்.

பள்ளிக்கூடப் பையில் இருந்து ஒட்டுகிற பசைக் குச்சியை எடுத்து உறையை ஒட்டினேன். அதன் மேலே, தயவுசெய்து தமிழில் அனுப்பவும் என்று எழுதினேன். அடுத்த நாள் அப்பாவிடம் கொடுத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கையுறையோடு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். "கெட்டிக்காரி" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். முப்பது தடவை எனக்கு நானே கேட்டுவிட்டேன். திறந்ததற்குப் பேச்சு விழும் என்ற பயம் இருந்தது. செக்கரட்டரி வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேறு. அடுத்த கடிதம் தமிழில் வரும் என்று நான் நம்பினேன். வந்தால் அப்பாவே வாசிப்பார், அவருக்கே தெரிந்துவிடும், நான் சொல்லத் தேவையில்லை என்று பதினொரு வயது மூளை கணக்குப் போட்டது. மூன்றாவதும் பங்குனியில் நோர்வேஜிய மொழியில்தான் வந்தது. அதைத் திறக்கவில்லை. எழுதினேன், போனது. அதற்குப் பிறகு வரவேயில்லை. அப்பா அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்கக் குடுத்திருப்பாங்கள், நாள் எடுக்கும் என்றார்.

வேல்ஸ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா வடை சுட்டா. எங்கள் வீடுகளில் புகை எச்சரிக்கை மணியில் பற்றரி இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பொரிக்கிற வீட்டில் யார் அதை வைத்துக்கொண்டு இருப்பது? ஆனால் அந்தக் கிழமைதான் வீட்டுச் சங்கத்து ஆள் வந்து எல்லா வீட்டிலும் புதுப் பற்றரி போட்டுவிட்டுப் போயிருந்தார். முதல் ஈடு வடை வெந்து முடிய முன்னம் மணி அலறத் தொடங்கிவிட்டது. அம்மா அகப்பையோடு ஓடினா, அப்பா துவாயால் விசுக்கினார், நான் காதைப் பொத்திக்கொண்டு கதிரையில் ஏறினேன். கை எட்டவில்லை. எல்லாரும் கத்துகிறோம், சிரிக்கிறோம்.

வேல்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன். மணிக்கு நேர் கீழே, கம்பளத்தில், தங்கச்சி ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை.

அப்பா மணியைக் கழற்றி எடுத்த பிறகு அந்தாள் எழும்பி அவளுக்குப் பின்னால் போய்க் குந்தி, இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டினார். பிறகு இன்னொரு தடவை.

"உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை" என்றார் அப்பாவிடம், உடைந்த நோர்வேஜிய மொழியில். "எந்த மொழியும் கேட்கவில்லை."

"அவள் பிடிவாதம்..." என்று தொடங்கினார் அப்பா. குசினிக்குள் இருந்து எண்ணெய் கருகுகிற மணம் வந்தது. ஒருவரும் போகவில்லை.

அடுத்த நாள் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தா. மறுபக்கத்தில் இருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள்தானே என்று கேட்டாள். மூன்று தடவை அனுப்பி மூன்றும் திரும்பி வந்திருக்கின்றன, முகவரி பிழை என்று பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம் என்றாள். திரும்பி வந்த உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒருத்தரும் வாசிக்கவில்லை. திரும்பி வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். கடிதம் பிரித்தே காலம் தள்ளின மனிதருக்கு இது தெரியாமல் போனதே! திரும்ப வரிசையில் சேர்த்தார்கள். இலையுதிர் காலத்தில்தான் நேரம் கிடைத்தது. முதல் கடிதம் வந்து அப்போது ஏறக்குறைய ஒரு வருடம்.

அங்கே போனபோது ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தா, ஆஸ்பத்திரியே ஒழுங்கு செய்திருந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பார்கள். வைத்தியர் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். பிறக்கும்போது கொஞ்சம் கேட்டிருக்கும், குறைந்து குறைந்து வந்திருக்கிறது, இப்போது மிச்சம் மிகக் குறைவு என்றார்.

"ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டா அம்மா.

"அதைச் சொல்ல முடியாது" என்றார் வைத்தியர். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னா. அப்பா அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு விட்டார். அம்மா அன்று தொடங்கி அப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டா.

வெளியே வரும்போது கவுண்டரில் இருந்த பெண், கோப்பில் வைத்திருந்த அந்த மூன்று உறைகளையும் எடுத்து அப்பாவிடம் காட்டினாள். முகவரி சரியா என்று பார்க்கத்தான் காட்டினாள். அப்பா வாங்கி, வேலையில் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக விரலால் தடவிப் புரட்டிப் பார்த்து, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, திருப்பிக் கொடுத்தார். "முகவரி சரி" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்து நான் மூச்சு விட்டேன்.

தங்கச்சிக்குக் கருவி வைத்தார்கள், பிறகு சத்திர சிகிச்சையும் செய்தார்கள். பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியில் படிக்க உரிமை உண்டு. அது ஒரு முழு மொழி, அதற்கு ஆசிரியர் உண்டு, வகுப்பு உண்டு. பெற்றோருக்கும் வேலையில் விடுப்புத் தந்து, வாரக்கணக்கில் இருத்திச் சொல்லித் தருவார்கள். அந்த விபரமெல்லாம் ஒரு கடிதத்தில் வந்தது. இந்தமுறை அம்மாவே திறந்தா.

அப்பா போகமாட்டேன் என்றார். "கையை ஆட்டுறதும் ஒரு பாஷையே? அதைப் பழக்கினா வாய் திறக்கமாட்டாள். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

அந்தத் தாதி சொன்ன அதே வசனம். அப்பாவுக்கு அது தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

வேல்ஸ்காரர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கத்தி நான் கண்டது அன்றுதான். "நாங்கள் எத்தனை வருடம் கேட்டுக் கேட்டு வாங்கினதை உனக்குக் கேட்காமலே தருகிறார்கள், நீ வேண்டாம் என்கிறாயா? எங்களுக்குச் சட்டம் வந்தபோது என் பிள்ளைகள் இங்கே பிறந்துவிட்டார்கள். என் மொழியில் அவர்களுக்கு ஒரு சொல் தெரியாது. நீயாவது போய் உன் பிள்ளையின் மொழியைப் படி!"

"என்ர பிள்ளையின்ர மொழி தமிழ்" என்றார் அப்பா. அதை மட்டும் தமிழில் சொன்னார். அந்தாள் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அம்மா போனா. பகலில் வகுப்பு, பின்னேரம் வேலை. அம்மாவின் கை தோய்த்துத் துடைத்து வெடித்துப்போயிருக்கும். ஆனால் நோர்வேஜிய மொழியில் வராத கொஞ்சல் அந்தக் கையால் வந்தது. நான் அம்மாவிடமும் தங்கச்சியிடமும் படித்தேன். அப்பா கடைசிவரைக்கும் தங்கச்சியின் முகத்துக்கு நேரே நின்று பெரிதாக வாயைத் திறந்து தமிழ் கதைத்தார். சாப்பிடு, படு, வா என்ற மூன்றுக்கு மட்டும் கையை ஆட்டுவார். அவள் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். அவர் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தாலும் பின்வரிசையில் இருப்பார். எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டிப் பாராட்டும்போது அவர் மட்டும் கை தட்டுவார். அது அங்கே எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்?

தங்கச்சி படித்து, இப்போது துரொண்ட்ஹெய்மில் காது கேளாத சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறாள். அப்பாவோடு அவளுக்குக் கோபம் இருந்தது என்று சொல்லமுடியாது. ஒருமுறை அவளே எனக்குச் சொன்னாள், கைகளால்தான்: "அவருக்குத் தெரியாதுதானே. கடிதத்தைத் திறக்கவே இல்லை, அவர் எப்படி அறிவார்? தெரிந்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்." அந்த நம்பிக்கையில்தான் அவள் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ரயில் ஏறி வந்தாள். அதில்தான் அப்பாவின் கன்னத்தில் கொஞ்சினாள்.

அப்பா போன வருடம் காலமானார். முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து, சனம் எல்லாம் சாப்பிட்டுப் போன பின்னேரம், அம்மா அறைக்குள் போய்ச் சரிந்து படுத்துவிட்டா. நானும் தங்கச்சியும் குசினி மேசையில் இருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக வைத்தியர் பழைய விபரங்களைக் கேட்டதால், தன் சிறுவயதுக் கோப்பைத் தரும்படி ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தாள். அது வந்திருந்தது. பையில் இருந்து எடுத்து மேசையில் பரப்பினாள். மூன்று உறைகளின் படியும் அதில் இருந்தது. இரண்டாவது உறைக்குப் பக்கத்தில், பிறகு அவற்றைக் கோப்பில் சேர்த்தபோது, அந்தக் காலத்து எழுதுவினைஞர் யாரோ ஒரு குறிப்புப் போட்டிருந்தார். உறை திறக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டுள்ளது என்று.

தங்கச்சி அந்த வரியில் விரலை வைத்தாள்.

"அப்பா வாசித்திருக்கிறார்" என்றாள் கைகளால். "வாசித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். அவருக்குத் தெரியும். எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே தெரியும்."

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அப்பாவின் விரல் அந்த உறையின் ஓரத்தைத் தடவினது எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் உறை தொட்ட விரல் அது. பசைக் குச்சியால் ஒட்டினதை அது அறியாமல் விட்டிருக்காது. என் பிள்ளை வாசித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டே மனிதர் முகவரி சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மா முகம் கொடுத்துக் கதைக்காத அத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை. என் அப்பா, என் அருமை அப்பா.

"தெரிந்துகொண்டு எப்படி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்?" என்று கேட்டாள் தங்கச்சி. அழுதாள். அவள் அழுதால் சத்தம் வரும், அது அவளுக்குத் தெரியாது. அம்மா எழும்பிவிடுவா என்று நான் கதவைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு என் பயம்தான்.

நான் அவளுடைய கையைத் தொட்டு நிற்பாட்டினேன். பிறகு என் விரலை என் நெஞ்சில் வைத்தேன். நான் என்றேன். திறந்தது நான். வாசித்தது நான். ஒட்டியதும் நான். அப்பா இல்லை.

தங்கச்சி என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். வெளியே ரயில் ஒன்று வந்து நின்று போனது.

"விளங்கியதா உனக்கு, வாசித்தபோது?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

எனக்குப் பதினொரு வயது, நான் நம்பினேன், அடுத்தது தமிழில் வரும் என்று... எவ்வளவோ சொல்ல இருந்தது. கையைத் தூக்கினேன். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் தூக்கின கையோடு இருந்தேன். அவள் கண் திறக்கும்வரை நான் சொல்லுகிற எதுவும் அவளுக்குப் போய்ச் சேராது. இருட்டுப்படும் வரைக்கும் அவள் திறக்கவில்லை.